"உங்களுக்கு அனுமதி இல்லை" என்கிறதா பக்கத்து அறை கம்ப்யூட்டர்?

இன்று பல வீடுகளில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஹாலில் ஒரு டெஸ்க்டாப். பிள்ளைகளிடம் ஒரு லேப்டாப். இரண்டும் ஒரே வை-பியில்தான் இணைந்திருக்கின்றன. இருந்தும் ஹால் கம்ப்யூட்டரில் உள்ள ஒரு போட்டோவை லேப்டாப்பில் பார்க்க வேண்டும் என்றால், மேஜை டிராயரில் பென் டிரைவைத் தேட ஆரம்பிக்கிறோம். போல்டரை ஷேர் செய்தால் போதும் என்று தெரிந்தவர்களும், அப்படிச் செய்த பின்னர் "உங்களுக்கு அனுமதி இல்லை" என்ற பொருளில் ஒரு செய்தி வந்ததும் முயற்சியைக் கைவிட்டு விடுகிறார்கள்.

நான் மென்பொருள் துறையில் பணியாற்றுகிறேன். உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போனால், பந்தியை விட்டு எழுவதற்குள் யாராவது ஒருவர் இந்தப் பிரச்னையைச் சொல்லி என்னை அழைத்துச் சென்றுவிடுவார். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். ஒரு செட்டிங்கை மாற்றியிருப்பார்கள். சரியாகவில்லை என்றதும் அடுத்ததை மாற்றியிருப்பார்கள். கடைசியில் எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்து விட்டிருப்பார்கள். போல்டர் திறந்துவிடும். ஆனால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அழிக்கலாம் என்ற நிலையும் கூடவே வந்துவிடும்.

எந்த இடத்தில் தடை என்று முதலில் கண்டுபிடித்தால், அந்த ஒரு இடத்தை மட்டும் சரி செய்தால் போதும். அதற்கான வழியை இங்கு பார்க்கலாம். விண்டோஸ் 11 சிஸ்டத்தை வைத்து விளக்குகிறேன். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கும் அனுமதிகள் இயங்கும் முறை இதுவேதான். சில மெனுக்கள் மட்டும் இடம் மாறியிருக்கும். (விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாப்டின் வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் கொள்ளவும்.)

நான்கு இடங்கள்

அபார்ட்மென்ட் ஒன்றில் இருக்கும் நண்பரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். முதலில் அந்தத் தெருவுக்கு வழி இருக்க வேண்டும். அடுத்து, வாட்ச்மேன் "நீங்கள் யார்?" என்று கேட்பார். மூன்றாவது, வீட்டுக் கதவு திறக்க வேண்டும். உள்ளே போன பின்னர் பீரோவில் உள்ளதை எடுக்க வேண்டும் என்றால், அதற்குத் தனியாகச் சாவி வேண்டும்.

கம்ப்யூட்டரிலும் இதே நான்குதான். தெரு என்பது நெட்வொர்க். வாட்ச்மேன் கேட்பது யூசர் நேம், பாஸ்வேர்டு. வீட்டுக் கதவு என்பது ஷேர் பெர்மிஷன். பீரோ சாவி என்பது என்.டி.எப்.எஸ். பெர்மிஷன். முதல் மூன்றும் சரியாக இருந்து பீரோ பூட்டியிருந்தாலும் உங்களுக்கு வரும் பதில் "அனுமதி இல்லை" என்பதுதான். எனவேதான் குழப்பம்.

இனி, போல்டர் இருக்கும் கம்ப்யூட்டரை ஹால் கம்ப்யூட்டர் என்றும், அதனைத் திறக்க முயலும் கம்ப்யூட்டரை லேப்டாப் என்றும் குறிப்பிடுகிறேன்.

1. தெரு இருக்கிறதா?

ஹால் கம்ப்யூட்டர் ஸ்லீப் நிலைக்குப் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தூங்கும் கம்ப்யூட்டர் பைல் கொடுக்காது.

ஹால் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ் திறந்து, நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பிரிவில் உங்கள் வை-பி அல்லது ஈதர்நெட் இணைப்பின் ப்ராபர்ட்டீஸ் செல்லவும். அங்கு ஐ.பி.வி.4 அட்ரஸ் என ஒன்று இருக்கும். வீடுகளில் இது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அதைக் குறித்துக் கொள்ளுங்கள். லேப்டாப்பிலும் இதே போல் பாருங்கள். வழக்கமான வீட்டு இணைப்பில் முதல் மூன்று எண் தொகுதிகள் இரண்டிலும் ஒன்றாக இருக்கும். வேறுபட்டால், ஒன்று ரௌட்டரின் கெஸ்ட் நெட்வொர்க்கிலோ மொபைல் ஹாட்ஸ்பாட்டிலோ இணைந்திருக்கலாம். கெஸ்ட் நெட்வொர்க் என்பதே விருந்தினரை வீட்டு கம்ப்யூட்டர்களிடம் இருந்து பிரித்து வைக்கத்தான்.

அதே ப்ராபர்ட்டீஸ் பக்கத்தில் நெட்வொர்க் ப்ரொபைல் டைப் என்பதில் பிரைவேட் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். பப்ளிக் என இருந்தால், விண்டோஸ் உங்கள் வீட்டையும் ரயில் நிலைய வை-பி போலக் கருதிப் பிற கம்ப்யூட்டர்களை உள்ளே விடாது. வீட்டு இணைப்புக்கு மட்டும் பிரைவேட் வைக்கவும். வெளியிடங்களில் பப்ளிக் என்பதே சரி.

அடுத்து அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், அதில் அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ் செல்லவும். பிரைவேட் நெட்வொர்க்ஸ் பிரிவில் நெட்வொர்க் டிஸ்கவரி, பைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் இரண்டையும் ஆன் செய்திடவும்.

இப்போது சோதனை. லேப்டாப்பில் பைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, மேலே உள்ள அட்ரஸ் பாரில் இரண்டு பேக் ஸ்லாஷ் போட்டு, இடைவெளி இல்லாமல் ஹால் கம்ப்யூட்டரின் ஐ.பி. எண்ணை டைப் செய்து என்டர் தட்டவும். யூசர் நேம் கேட்டாலோ, ஷேர் செய்த போல்டர்கள் தெரிந்தாலோ தெரு சரி. நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை என்ற செய்தியும், 80070035 என முடியும் பிழை எண்ணும் வந்தால் தடை தெருவில்தான் இருக்கிறது. அந்த நிலையில் பெர்மிஷன் பக்கமே போக வேண்டாம்.

எக்ஸ்ப்ளோரரின் இடது பக்கம் நெட்வொர்க் என்ற பட்டியலில் ஹால் கம்ப்யூட்டர் தெரியவில்லை என்று சிலர் கவலைப்படுவார்கள். பட்டியலில் தெரிவது வேறு, திறப்பது வேறு. மேலே சொன்னபடி எண் கொடுத்துத் திறந்தால் அனுமதியில் பிரச்னை இல்லை. ரௌட்டர் இந்த எண்ணைச் சில நேரம் மாற்றிவிடும் என்பதால், சோதனை முடிந்த பின்னர் எண்ணுக்குப் பதிலாக ஹால் கம்ப்யூட்டரின் பெயரைக் கொடுத்துப் பழகவும்.

2. வாட்ச்மேன் உங்களை ஏற்றுக் கொள்கிறாரா?

இங்கு அதிகம் பேர் தடுமாறுவது பின் எண்ணில்தான். தினமும் கம்ப்யூட்டரைத் திறக்க நீங்கள் தரும் நான்கு அல்லது ஆறு இலக்க எண், அந்தக் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்திருக்கும் போது மட்டுமே செல்லும். நெட்வொர்க் வழியாகப் பாஸ்வேர்டுதான் தர வேண்டும். அதுவும் ஹால் கம்ப்யூட்டரில் உள்ள அக்கவுன்ட்டின் பாஸ்வேர்டு. லேப்டாப்பின் பாஸ்வேர்டு அல்ல.

இன்னொன்று. பாஸ்வேர்டே இல்லாத லோக்கல் அக்கவுன்ட் வைத்திருந்தால், நெட்வொர்க் வழியாக அதன் பெயரில் நுழைய விண்டோஸ் அனுமதிக்காது. "பாஸ்வேர்டு வைக்கவே இல்லையே, எதைத் தருவது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இந்தத் தொல்லைகளைத் தவிர்க்க எளிய வழி, ஹால் கம்ப்யூட்டரில் ஷேரிங்குக்கு என்றே ஒரு லோக்கல் அக்கவுன்ட் உருவாக்குவது. செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் சென்று ஆட் அக்கவுன்ட் கிளிக் செய்திடவும். மெயில் முகவரி கேட்கும் விண்டோவில், இவரின் தகவல் என்னிடம் இல்லை என்ற பொருளில் உள்ள வரியையும், அடுத்து மைக்ரோசாப்ட் அக்கவுன்ட் இல்லாமல் யூசரைச் சேர்ப்பதற்கான வரியையும் தேர்ந்தெடுக்கவும். பெயர் எதுவாகவும் இருக்கலாம். இங்கு "வீட்டார்" என்று வைத்துக் கொள்வோம். எளிதில் ஊகிக்க முடியாத ஒரு பாஸ்வேர்டு தரவும். அக்கவுன்ட் டைப், ஸ்டான்டர்ட் யூசர் என்றே இருக்கட்டும், அட்மினிஸ்ட்ரேட்டர் வேண்டாம்.

இனி லேப்டாப்பில் யூசர் நேம் கேட்கும் போது, ஹால் கம்ப்யூட்டரின் பெயர், ஒரு பேக் ஸ்லாஷ், அதன் பின் வீட்டார் என்று சேர்த்துத் தரவும். எந்தக் கம்ப்யூட்டரின் வீட்டார் என்பது இதனால் தெளிவாகிவிடும். ரிமெம்பர் மை கிரெடன்ஷியல்ஸ் என்ற கட்டத்தில் டிக் செய்தால் அடுத்த முறை கேட்காது.

முன்பு வேறு பெயரில் நுழைந்து பார்த்திருந்தால், ஒரே கம்ப்யூட்டருடன் இரண்டு யூசர் பெயர்களில் தொடர்பு கொள்ள முடியாது என்ற செய்தி வரலாம். லேப்டாப்பில் கன்ட்ரோல் பேனல் திறந்து, கிரெடன்ஷியல் மேனேஜரில் விண்டோஸ் கிரெடன்ஷியல்ஸ் பிரிவில் ஹால் கம்ப்யூட்டரின் பழைய பதிவை நீக்கி, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்திடவும்.

3. வீட்டுக் கதவு: ஷேர் பெர்மிஷன்

ஹால் கம்ப்யூட்டரில் போல்டர் மீது ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ் தேர்ந்தெடுங்கள். ஷேரிங் டேபில் அட்வான்ஸ்டு ஷேரிங் கிளிக் செய்து, ஷேர் திஸ் போல்டர் என்பதில் டிக் செய்திடவும். கீழே பெர்மிஷன்ஸ் என்ற பட்டன் இருக்கும். அதனைக் கிளிக் செய்தால், எவ்ரிஒன் என்ற பெயரும் அதற்கு ரீட் மட்டும் டிக் ஆகியிருப்பதும் தெரியும்.

"பைல் திறக்கிறது, ஆனால் சேவ் ஆகவில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இந்த ரீட்தான். எவ்ரிஒன் பெயரை ரிமூவ் செய்து, ஆட் கிளிக் செய்து, வீட்டார் என டைப் செய்து, செக் நேம்ஸ் கிளிக் செய்திடவும். பெயரின் கீழ் கோடு விழுந்தால் விண்டோஸ் அவரை அடையாளம் கண்டுவிட்டது என்று பொருள். பார்த்தால் போதும் என்றால் ரீட். எழுதவும் வேண்டும் என்றால் சேஞ்ச். புல் கன்ட்ரோல் வீட்டு உபயோகத்துக்குத் தேவையில்லை.

4. பீரோ சாவி: என்.டி.எப்.எஸ். பெர்மிஷன்

அதே ப்ராபர்ட்டீஸ் விண்டோவில் செக்யூரிட்டி என்ற டேப் உள்ளது. இந்த அனுமதி போல்டருடனும் ஒவ்வொரு பைலுடனும் ஹார்ட் டிஸ்கிலேயே எழுதப்பட்டிருக்கும். எடிட் கிளிக் செய்து, முன்பு போலவே வீட்டார் பெயரைச் சேர்க்கவும். பார்க்க மட்டும் என்றால் ரீட் அண்ட் எக்ஸிக்யூட். எழுதவும் வேண்டும் என்றால் மாடிபை.

செக்யூரிட்டி டேபே இல்லை என்றால், அந்த டிரைவ் பேட் 32 அல்லது எக்ஸ்-பேட் முறையில் பார்மட் செய்யப்பட்டிருக்கலாம். பென் டிரைவ்கள் பல இப்படித்தான் வருகின்றன. அங்கு பீரோவே கிடையாது. வீட்டுக் கதவு மட்டும்தான்.

இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்?

நெட்வொர்க் வழியாக வருபவருக்கு ஷேர் பெர்மிஷன், என்.டி.எப்.எஸ். பெர்மிஷன் இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். மூன்று எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்.

ஷேரில் ரீட், செக்யூரிட்டியில் மாடிபை: பார்க்கலாம், எழுத முடியாது.

ஷேரில் சேஞ்ச், செக்யூரிட்டியில் ரீட்: பார்க்கலாம், எழுத முடியாது.

ஷேரில் புல் கன்ட்ரோல், செக்யூரிட்டியில் பெயரே இல்லை: போல்டரின் பெயர் தெரியும், திறந்தால் அனுமதி இல்லை என்ற செய்தி.

மூன்றாவதுதான் பலரைக் குழப்புவது. "எல்லாருக்கும் புல் கன்ட்ரோல் கொடுத்துவிட்டேனே" என்பார்கள். கொடுத்தது வீட்டுக் கதவுக்கு, பூட்டியிருப்பது பீரோ. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற உங்கள் சொந்த போல்டர்களில் உங்களுக்கும், சிஸ்டத்துக்கும், அட்மினிஸ்ட்ரேட்டர்களுக்கும் மட்டுமே வழக்கமாக அனுமதி இருக்கும். எனவே அவற்றின் உள்ளே இருக்கும் போல்டரை ஷேர் செய்யும் போது இந்தத் தடை கட்டாயம் வரும்.

ஒரே டேபில் ஒருவருக்கு இரண்டு வழிகளில் அனுமதி கிடைத்தால், அதாவது அவர் பெயரில் ரீட், அவர் சேர்ந்துள்ள குரூப்பின் பெயரில் மாடிபை என்று இருந்தால், இரண்டும் கூட்டப்பட்டு மாடிபை கிடைக்கும். டினை கட்டத்தை மட்டும் தொடாதீர்கள். ஒரு குரூப்புக்கு டினை போட்டால், அந்தக் குரூப்பில் நீங்களும் இருந்தால் உங்களுக்கும் சேர்த்துப் பூட்டு விழும்.

ஹால் கம்ப்யூட்டரின் முன்னாலேயே உட்கார்ந்து திறப்பவருக்கு ஷேர் பெர்மிஷன் பொருந்தாது. அவர் ஏற்கனவே வீட்டுக்குள் இருக்கிறார். பீரோ சாவி மட்டுமே கணக்கு. "இங்கே திறக்கிறது, அங்கே திறக்கவில்லை" என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றையும் திறந்து விட்டால் என்ன?

"வீட்டில் இருப்பது நாங்கள் நான்கு பேர்தானே" என்ற கேள்வி வரும். என் அத்தை வீட்டில் யாரோ சொல்லிக் கொடுத்தபடி எவ்ரிஒன் புல் கன்ட்ரோல், பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங் ஆப் என்று வைத்திருந்தார்கள். லேப்டாப்பில் கேம் விளையாட இடம் போதவில்லை என்று பேரன் சில போல்டர்களை அழித்தான். அதில் ஒன்று ஹால் கம்ப்யூட்டரின் போட்டோ போல்டர். இரண்டு கம்ப்யூட்டர்களின் ரீசைக்கிள் பின்னிலும் தேடினோம், இல்லை. வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் இருந்ததால் பெரும்பாலானவை திரும்பக் கிடைத்தன. அதன் பிறகு சேர்த்த நான்கு மாதப் படங்கள், மாமாவின் சஷ்டியப்த பூர்த்தி உட்பட, போயின.

இதனை நன்றாக மனதில் வைத்துக் கொள்ளுங்கள். நெட்வொர்க் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரின் பைலை அழித்தால், அது வழக்கமாக ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. நேராக அழிந்துவிடும். லேப்டாப்பில் புகும் ரேன்சம்வேர் வைரஸும், எழுத அனுமதி உள்ள ஷேர் போல்டர்களைத் தேடிப் பூட்டக்கூடியது. ரீட் மட்டும் இருந்தால் அந்த வழியாக அதனால் எதையும் மாற்ற முடியாது.

பழைய குறிப்புகளில் காணும் இரண்டு யோசனைகளையும் தவிர்க்கவும். ஒன்று, பாஸ்வேர்டு ஷேரிங்கை நிறுத்துவது. 2024-ல் வெளியான விண்டோஸ் 11 24ஹெச்2 பதிப்பின் ப்ரோ வகையில், பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்ட்டாக இன்னொரு கம்ப்யூட்டருக்குள் நுழைவது மாறாநிலையில் தடுக்கப்பட்டுள்ளது; எனவே இந்த யோசனை பல நேரங்களில் வேலையும் செய்யாது. மற்றொன்று, எஸ்.எம்.பி. 1 வசதியை ஆன் செய்வது. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை வைரஸ் இந்தப் பழைய முறையில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தியே கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் தாவியது. இரண்டு புதிய விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு இடையே அது தேவையே இல்லை. அதேபோல், விண்டோஸ் 7-ல் இருந்த ஹோம்குரூப்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 2018-ல் விண்டோஸ் 10-ன் 1803 பதிப்பிலேயே அதனை நீக்கிவிட்டார்கள்.

வேறு சில சந்தேகங்கள்

போல்டர் திறக்கிறது, ஒரு பைல் மட்டும் திறக்கவில்லை: அந்த பைலை அதே டிரைவில் வேறு போல்டரில் இருந்து மூவ் செய்திருந்தால், அது தன் பழைய அனுமதியையே எடுத்து வந்திருக்கலாம். காப்பி செய்தால் புது போல்டரின் அனுமதியைப் பெறும். ஷேர் போல்டரின் செக்யூரிட்டி டேபில் அட்வான்ஸ்டு சென்று, உள்ளே இருக்கும் எல்லாவற்றின் அனுமதியையும் மாற்றி எழுதும் ரீப்ளேஸ் ஆல் சைல்ட் ஆப்ஜெக்ட் எனத் தொடங்கும் வரியில் டிக் செய்து அப்ளை செய்தால் சரியாகும்.

பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்: செக்யூரிட்டி டேபில் அக்கவுன்ட் அன்னோன் என்றும் நீண்ட எண்ணும் தெரியும். விண்டோஸ் அனுமதியைப் பெயரை வைத்துக் குறிப்பதில்லை. ஒவ்வொரு அக்கவுன்ட்டுக்கும் தரும் எஸ்.ஐ.டி. என்ற எண்ணை வைத்தே குறிக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் உங்கள் பெயர் இதுவேயாக இருந்தாலும், இந்தக் கம்ப்யூட்டருக்கு நீங்கள் வேறு ஆள். அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்து புதிய பெயரைச் சேர்க்கவும்.

போல்டர் ப்ராபர்ட்டீஸில் ரீட்-ஒன்லி கட்டம்: அதில் சிறிய சதுரம் நிரம்பியிருக்கும். எடுத்தாலும் திரும்ப வரும். அதற்கும் நமது பிரச்னைக்கும் தொடர்பு இல்லை, விட்டுவிடுங்கள்.

எக்ஸெல் பைல் எடிட் ஆகவில்லை: ஹால் கம்ப்யூட்டரில் அதே பைலை யாராவது திறந்து வைத்திருக்கலாம். அங்கு மூடினால் போதும்.

எப்படி அமைத்துக் கொள்ளலாம்?

உறவினர் வீடுகளில் நான் அமைத்துத் தருவது இரண்டு போல்டர்கள் மட்டும். ஒன்றின் பெயர் படங்கள். ஷேரில் வீட்டாருக்கு ரீட், செக்யூரிட்டியில் ரீட் அண்ட் எக்ஸிக்யூட். மற்றொன்று பொது. ஷேரில் சேஞ்ச், செக்யூரிட்டியில் மாடிபை. லேப்டாப்பில் இருந்து எதை அனுப்ப வேண்டுமானாலும் பொதுவில் போட வேண்டும். காப்பாற்ற வேண்டியதை ஹால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படங்கள் போல்டருக்குக் காப்பி செய்ய வேண்டும். சி டிரைவ் முழுவதையும் ஷேர் செய்யவே கூடாது.

அமைத்த பின்னர் லேப்டாப்பில் இருந்து சோதித்துப் பாருங்கள். பொது போல்டரில் ஒரு டெக்ஸ்ட் பைல் உருவாக்கி, பெயரை மாற்றி, அழிக்கவும். மூன்றும் நடக்க வேண்டும். பின்னர் ஹால் கம்ப்யூட்டரில் இருந்தபடி படங்கள் போல்டரில் தேவையற்ற ஒரு பைலைப் போட்டு, லேப்டாப்பில் இருந்து அழிக்க முயலுங்கள். இப்போது "அனுமதி இல்லை" என்ற செய்தி வர வேண்டும். வந்தால், உங்கள் அமைப்பு சரியாக இயங்குகிறது. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் மாதம் ஒரு முறை இரண்டு போல்டர்களையும் நகல் எடுத்து, அதனைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள்.